குவைத்திலிருந்து வந்த சிவப்புக் கோடி

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, சாமந்தியும் கனகாம்பரமும் விளைகிற ஒரு சின்ன ஊரில் தீர்த்தம்மாள் இருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள். சொந்த நிலம் கிடையாது, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, புருஷன் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிறது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் முன்னால் வா என்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவதோடு சரி. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால், குளிர்பெட்டிக்குப் போன் போடுகிற கையோடு அவள் வீட்டுக்கும் ஆள் ஓடிவரும். ஊர் அவளுக்குத் திறந்து வைத்திருந்தது அந்த ஒரு கதவைத்தான்.

ஒப்பாரியில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மாமியார் செத்த அன்றைக்கு மனசு தாங்காமல் வாயைத் திறந்தாள். வந்திருந்த சனம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எந்தச் சாவுக்கும் அவள்தான். அவளுக்கென்று சில கட்டுகள் உண்டு. எழவு வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். யார் எதை நீட்டினாலும் வாங்க மாட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பாள். செத்தவர் பேரையும் அவர் பட்ட பாட்டையும் சொல்லாமல் ஓரடி பாட மாட்டாள். பேர் சொல்லாத அழுகை யாருக்கும் போய்ச் சேராது என்பது அவள் பிடிவாதம். சாவு இல்லாத நாளில் ஊருக்குள் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டாள். சும்மா இருக்கிற வீட்டுக்குச் சாவை வா என்று கூப்பிட்டது போல ஆகிவிடும்.

பக்கத்து வீட்டு மாதம்மாள்தான் அவளுக்கு எல்லாம். இருவரும் விடிகாலையில் ஒரே தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போவார்கள். மாதம்மாளுக்குப் பச்சியப்பன் என்று நல்ல புருஷன், மாதவராஜ் என்று ஒரே மகன். மகன் குவைத்தில் வண்டி ஓட்டுகிறான்.

"நான் செத்தா எப்படி அழுவ தீர்த்தா? ஒரு அடி சொல்லு, கேட்டுக்கறேன்" என்பாள் மாதம்மாள், பூவைக் கிள்ளிக்கொண்டே.

"ஒனக்கு எதுக்குக்கா அழுவணும்? தாலியோட போவ. கொட்டுமேளத்தோட தூக்கிப் போட்டுருவாங்க."

"அதெல்லாம் ஆவாது. எம்பேரச் சொல்லி நீ அழுவணும். எம்மவன் எங்கியோ மணல்ல கெடக்கறான். நீ இல்லன்னா எனக்கு யாரு இருக்கா?"

"செரி, அழுவறேன். மொதல்ல கூடைய நெரப்பு. மேஸ்திரி பாக்கறான்."

வேடிக்கைப் பேச்சுத்தான். ஆனாலும் தீர்த்தம்மாள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டாள். மாதக்கா போகிற நாளைக்கு என்ன சொல்லி அழுவது என்று, யாருக்கும் கேட்காமல் உள்ளுக்குள்ளேயே அடியடியாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

தம்பி மகள் நிர்மலா பெங்களூரில் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பொழுது போவதே போனில்தான். அதில் ஒரு ஆப். முகம் தெரியாது, குரல் மட்டும். ரூம் ரூமாக ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், பாடுவார்கள்.

"அத்தே, நீங்க ஒரு நாளு இதுல பாடுங்க. எங்கெங்க இருந்தோ வந்து கேப்பாங்க."

"எழவு வூடு எங்க?"

"எழவு இல்லிங்கத்தே. சும்மா கேப்பாங்க."

"சும்மா ஒப்பாரி கேக்கறவங்களா? அவங்க வூட்டுல வேற வேலையே இல்லியா?"

நிர்மலா எத்தனையோ முறை கேட்டாள். தீர்த்தம்மாள் அசையவில்லை. அவளை அசைத்தது மலேசியாவிலிருந்து பேசிய மல்லிகா என்கிற பெண். நிர்மலா போனை அத்தை காதில் வைத்தாள்.

"அம்மா, கொரோனா டைம்ல எங்கம்மா போயிட்டாங்கம்மா. மூட்டை மாதிரி கட்டிக் கொண்டு போயிட்டாங்க. ஒரு ஆள் அழல. எனக்கு இன்னும் அது நெஞ்சுல நிக்குதும்மா."

தீர்த்தம்மாள் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "ஒங்கம்மா பேரு என்ன கண்ணு?"

"சின்னப்பொண்ணு."

"என்ன வேல செஞ்சாங்க?"

"பால்மரம் சீவுனாங்கம்மா. ரப்பர் தோட்டம்."

சாவு இருக்கிறது, பேர் இருக்கிறது, அழாமல் விட்ட கடன் இருக்கிறது. அப்புறம் எப்படி மறுப்பாள்? ஊருக்குள் ஆகாது என்று, எல்லைக்கு வெளியே தம்பி நிலத்தில் இருந்த மோட்டார் ரூமுக்குப் போனாள். பொழுது சாய்கிற நேரம். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நிர்மலா போனை மோட்டார் மேல் சாய்த்து வைத்தாள்.

"கருக்கல்ல பால்மரத்துக்குக் கத்தியோட போனவளே
கண்ணு மூடும் நேரத்துல காணாமப் போனியே
சின்னப்பொண்ணு ஆத்தாவே, சீமையில கெடந்தவளே
சத்தமிட்டு அழுவதுக்குச் சனமில்லாமப் போச்சுதே..."

மறுமுனையில் மல்லிகா விம்முகிற சத்தம் கேட்டது. அப்போது போனில் கணீரென்று ஒரு மணி அடித்தது. திரையில் ரோஜாப் பூக்களாகக் கொட்டின. ஒரு தேர் ஓடியது.

"என்னடி இது, அழுவறப்ப நடுவுல வாணவேடிக்க?"

"கிஃப்ட் அத்தே. மல்லிகாக்கா அனுப்பறாங்க. சேந்துச்சின்னா காசாவும் மாத்திக்கலாம்."

"அழுவுனதுக்குக் கூலியா? வேணாம்னு சொல்லு."

அவள் அதில் ஒரு காசைக்கூடக் கையால் தொடவில்லை. ஊர் இன்றைக்கு வேறு மாதிரி பேசுகிறது, பேசட்டும். தொடவில்லை என்றால் தொடவில்லைதான்.

வேண்டாம் என்று சொன்னதை மல்லிகா ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கலன்னா எங்கம்மாவுக்கு நான் ஒன்னுமே செய்யாத மாதிரி ஆயிடும்மா. எங்க வீட்டுல அழ வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புனா அதுதான் பாவம்னு அம்மா சொல்வாங்க."

அந்த ரூமை நடத்துகிற சந்திரமோகன் பெங்களூர்க்காரன். பாதி கன்னடம், பாதி தமிழ். அவனுக்கு இது மொத்தமும் விளையாட்டு. "அக்கா, கிஃப்ட் கொட்டவரு பேர் சொல்லி தேங்க்ஸ் சொல்லிடுங்க. இல்லாட்டி பேஜார் ஆயிடுவாங்க. இன்னும் ஒந்து கிரீடம் வந்தா நம்ம ரூம்தான் ஃபர்ஸ்ட்டு."

இங்கே வாங்குவது தப்பு. அங்கே வாங்காதது தப்பு. பேர் சொல்லாதது அதைவிடத் தப்பு. தீர்த்தம்மாள் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

தினமும் மோட்டார் ரூமுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. யாராவது ஒருத்தர் அழாமல் விட்ட ஒரு பேரோடு வருவார்கள். அவள் பேர் தெரிந்துகொண்டு அழுவாள். திரையின் மூலையில் ஒரு சின்னத் தீ எரிந்தது.

"தெனமும் வந்தா அது எரியும் அத்தே. ஒரு நாளு வுட்டாக்க அணைஞ்சிடும்" என்றாள் நிர்மலா.

செத்த இடத்தில் ஏற்றி வைக்கிற விளக்கு கருமாதி வரைக்கும் அணையக் கூடாது. தீர்த்தம்மாளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. "கருமாதி எப்பன்னு கேளு. அதுவரைக்கும் வரேன்" என்றாள்.

நிர்மலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுக்குக் கருமாதியே கெடையாதுங்கத்தே."

"அணையவே கூடாத வெளக்கா? இது என்ன பொழப்பு" என்றாள் அவள். ஆனாலும் அணைய விடவில்லை. காய்ச்சலிலும் போர்த்திக்கொண்டு போனாள்.

பேர் சொல்வதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எழவு வீட்டில் யார் கையாலும் எதையும் வாங்கக் கூடாதுதான். ஆனால் உறவுக்காரர்கள் செத்தவருக்குப் புதுத்துணி கொண்டுவருவார்கள். அதற்குக் கோடி என்று பேர். கோடி வந்தால் கொண்டுவந்தவர் பேரைச் சொல்லித்தான் ஒப்பாரியில் வரவேற்கவேண்டும். சொல்லாவிட்டால் சண்டையே வரும். இவர்கள் அனுப்புகிற ரோஜாவையும் தேரையும் கோடி என்று வைத்துக்கொண்டால் என்ன? அழுகிறவளுக்கு வந்தது ஒன்றும் இல்லை, எல்லாம் செத்தவருக்கு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. இந்த வழி கிடைத்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"மலேசியாச் சீமையில மல்லிகாப் பேருகாரி
மயிலுகழுத்து நெறத்துலதான் கோடி கொண்டு வாராளே..."

ரூமில் இருந்தவர்கள் சொக்கிப்போனார்கள். என் பேரைச் சொல்லுங்கள், என் பேரைச் சொல்லுங்கள் என்று ஆளாளுக்குத் தேர் அனுப்பினார்கள்.

நிர்மலா ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்த லிங்கைத் தொட்டு ஒரு சாயங்காலம் மாதவராஜ் உள்ளே வந்தான்.

"அத்தே, நான் மாதவராஜுங்க. குவைத்துல இருந்து. நீங்க பேசறது எங்கம்மா பக்கத்துல குந்தி இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

"நல்லா இருக்கியா சாமி? சாப்புட்டியா?"

"சாப்புட்டனுங்க. நம்மூருக்காரன் கை சும்மா இருக்கக் கூடாதில்ல. இந்தாங்க." திரை நிறைய ஒரு பொற்கிரீடம் சுழன்று இறங்கியது. சந்திரமோகன் கூச்சல் போட்டான். "அக்கா, கிரீடம்! குவைத் அண்ணன் பேர் பாடுங்க!"

ஊர்ப் பிள்ளை. மற்றவர்களுக்குப் பாடிவிட்டு அவனுக்குப் பாடாமல் விட்டால் மனசு கோணுவான். பாட்டு அவள் வாயில் தானாக வந்தது.

"குவைத்து மணலத் தாண்டி மாதவராஜு எம்மருமவன்
குங்குமச் செவப்புலதான் கோடி கொண்டு வாரானே..."

மாதவராஜ் அதைத் தனியாக வெட்டி எடுத்து, பெருமையோடு ஊர் குரூப்பில் போட்டான்.

மறுநாள் பூத்தோட்டத்துக்கு மாதம்மாள் வரவில்லை. தீர்த்தம்மாள் கூடையோடு திரும்பி வந்தபோது வேலியோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எம்மவன் யாருக்குக் கோடி கொண்டாந்தான் தீர்த்தா?"

தீர்த்தம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "அது சும்மாக்கா. போன்ல ஒரு படம் அனுப்பிச்சான். அதுக்குப் பேரு சொன்னேன்."

"பொணம் இருந்துச்சா?"

"இல்ல."

"நேத்து யாரு பேரச் சொல்லி அழுவுன?"

"அப்பத்தான் ஆரம்பிக்கப் போனேன்க்கா. அதுக்குள்ள அவன் வந்துட்டான்."

"பொணம் இல்லாத எடத்துல, பேரு சொல்லாத எழவுல, எம்மவன் செவப்புக் கோடி கொண்டாந்திருக்கான். செவப்பு யாருக்குடி போடுவாங்க? தாலியோட போறவளுக்குத்தான போடுவாங்க? எம்மவனுக்குத் தாலியோட இருக்கறவ யாரு இருக்கா, என்னத் தவுர?"

தீர்த்தம்மாள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். வேறு யாராவது அப்படிப் பாடியிருந்தால் இதே கேள்வியை அவளே கேட்டிருப்பாள்.

அன்றைக்கே காளியப்பனைத் தேடிப் போனாள். ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன். அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது.

"நீ நல்லவதான். இல்லன்னு நான் சொல்லல. ஆனா தப்பான எடத்துல கோடி வாங்கிட்ட. வாங்குனத அவங்கிட்டயே திருப்பிக் குடுத்துடு. கோடி திரும்பிப் போச்சுன்னு மாதம்மா வூட்டு வாசல்ல நின்னு சொல்லு. அப்பறம் சனம் ஒத்துக்கும்."

"திருப்பிக் குடுத்துடறனுங்க மாமா" என்று அவள் ஓடி வந்தாள்.

நிர்மலா கையைப் பிசைந்தாள். "திருப்பிக் குடுக்கறதுக்கு இதுல வழியே இல்லிங்கத்தே."

"வாங்க வழி வெச்சவன் குடுக்க வழி வெக்க மாட்டானா? நல்லாத் தேடிப் பாரு."

"தேடிட்டேன். வேண்ணா நாம புதுசா ஒரு கிரீடம் வாங்கி அவருக்கு அனுப்பலாம். அவ்ளோதான்."

"அதே மாதிரி இருக்குமா?"

"அதே கிரீடந்தான்."

பூப்பறித்த கூலியை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். மோட்டார் ரூமுக்குப் போனார்கள். இந்த முறை அவள் தலைமுடியை அவிழ்க்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "மாதவராஜு சாமி, நீ குடுத்தது ஒனக்கே வந்துச்சி, வாங்கிக்க" என்றாள். நிர்மலா திரையைத் தொட்டாள்.

கிரீடம் சுழன்று மாதவராஜ் பேர்மேல் போய் உட்கார்ந்தது. மணிகள் அடித்தன. வாணம் வெடித்தது. சந்திரமோகன் கத்தினான். "அக்காவுக்கும் அண்ணனுக்கும் கிஃப்ட் போட்டி! யார் ஜெயிப்பாங்க, பாருங்க!"

மாதவராஜுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. "எங்கத்த எனக்கே கிரீடம் வெச்சிட்டாங்கப்பா. நான் வுட்டுடுவனா?" அவன் இன்னும் பெரிசாக ஒன்றை அனுப்பினான். ஒரு சிங்கம். வாயைத் திறந்து கர்ஜித்துக்கொண்டு தீர்த்தம்மாள் பேர்மேல் வந்து படுத்தது.

"வேணாம் சாமி, வேணாம். அனுப்பாத. ஒங்கம்மா..."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல ரோஜாக்கள் கொட்டின.

"இது வெளையாட்டுங்கத்தே. எங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி. நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்" என்றான் மாதவராஜ். சொல்லவும் சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

தீர்த்தம்மாள் அதற்கப்புறம் மோட்டார் ரூம் பக்கம் போகவில்லை. மூலையில் எரிந்த தீ அணைந்தது. ஆனால் தீர்த்தம்மாள் இரண்டாம் தடவையும் கோடி வாங்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனாள் என்பதைக் கேட்கிற பொறுமை ஒருத்தருக்கும் இல்லை. நிர்மலாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள்.

மாதம்மாளுக்கு வயிற்றுவலி போன ஆடி மாதத்திலேயே இருந்தது. பூக்காட்டில் குனிந்தால் நிமிர முடியாமல் நின்றது ஊர்க் கண்ணுக்கு முன்னால்தான். அதெல்லாம் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் படுத்தாள், தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள், நோய் முற்றிப்போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் எல்லாவற்றையும் அந்தக் கிரீடத்திலிருந்தே எண்ண ஆரம்பித்தது.

தீர்த்தம்மாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். பச்சியப்பன் வாசலிலேயே மறித்துக்கொண்டான். கோபமாகக்கூட இல்லை.

"வராத தீர்த்தா. ஒன்னப் பாத்தாக்க அவ பயப்படறா."

உள்ளே கட்டிலில் கிடந்த மாதம்மாள் குரல் கேட்டுத் தலையைத் திருப்பினாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போய் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பொழுது கிளம்புகிற நேரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டில் கூக்குரல் எழும்பியது. குளிர்பெட்டி வண்டி வந்தது. மேளம் வந்தது. தீர்த்தம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, கூப்பிட ஆள் வரும் என்று கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். சுவர் ஒன்றுதான் நடுவில். ஆனால் கூப்பிடாமல் போனால் அது எழவுக்குப் போன கணக்கில்லை.

வெயில் ஏறியது. ஆள் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் அவளே எழுந்து போனாள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு காளியப்பன் நின்றிருந்தார்.

"வூட்டுக்குப் போ ஆத்தா."

"அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கறனுங்க மாமா. பேரச் சொல்லி அழுவறேன்னு."

"தெரியும். போ."

உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்திக்கும் நாலு அடி சேர்ந்தாற்போல் சொல்லத் தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து ஒருத்தியும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

குவைத்திலிருந்து மாதவராஜ் வந்து சேர மறுநாள் ஆயிற்று. அம்மாவைப் பார்த்துவிட்டு, கண் சிவந்து, நேராகத் தீர்த்தம்மாள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"நான் சொல்லிப் பாத்துட்டனுங்கத்தே. ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அழாம தூக்கறதுக்கும் எனக்கு மனசு வரல. நீங்க அந்த மலேசியாம்மாவுக்குப் பாடுனத நிர்மலா அனுப்பிச்சிது, எம்போன்ல இருக்குது. ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்னு காளியப்பன் மாமா சொல்லிட்டாரு. போட்டுக்கட்டுங்களா?"

"எங்கொரலு உள்ள வரலாமா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"அது ஒங்கம்மாவுக்கு அழுவுனது இல்லியே சாமி. அது சின்னப்பொண்ணுக்கு அழுவுனது."

"அந்தப் பேரு வர்ற எடத்துல சத்தத்தக் கொறச்சிடறனுங்கத்தே."

"ஒங்கம்மாவுக்குன்னு எங்கிட்ட தனியா இருக்குது. பூப்பறிச்ச கையி, ஒன்ன இடுப்புல வெச்சிட்டு வேலைக்கி வந்தது, எல்லாம் இருக்குது. அரை நாழி வுடச் சொல்லு."

"வுட மாட்டாங்கத்தே" என்றான். அவன் அழுதான். அவளும் அழுதாள். அது ஒப்பாரி இல்லை. சும்மா அழுகை.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்தது. மேளம் நின்றது. தீர்த்தம்மாளின் குரல் தீர்த்தம்மாளுக்கே கேட்டது.

"கருக்கல்ல பால்மரத்துக்குக் கத்தியோட போனவளே..."

ரப்பர் மரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மாதம்மாள் பெட்டிக்குள் கிடந்தாள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. பேர் வருகிற இடத்தில் சத்தம் சட்டென்று தணிந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

தீர்த்தம்மாள் சுவரில் வாயை வைத்து, "மாதம்மா" என்றாள்.

மறுபடி குரல் ஏறியது, பேர் வருகிற இடத்தில் தணிந்தது. "மாதம்மா" என்றாள். ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கடைசியில் ஒரு இடத்தில் மாதவராஜுக்குக் கை தவறிவிட்டதோ, பாடையைத் தூக்கிக்கொண்டிருந்தானோ, சத்தம் தணியவில்லை. "சின்னப்பொண்ணு ஆத்தாவே" என்று அவள் குரலே உரக்கக் கூப்பிட்டது. அவள் சொன்ன பேர் அதற்கடியில் போயிற்று. அந்தப் பக்கம் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. வாணம் வெடித்தது. மேளம் தெருவைத் தாண்டி, பூக்காட்டு வழியாகச் சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்தது.

எழவுக்குப் போய் வந்த பெண்கள் அவரவர் வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. தீர்த்தம்மாள் தண்ணீர்க் குடத்தை வாசலுக்கு நகர்த்தினாள். சொம்பைக் கையில் எடுத்தாள். அவளைத்தான் கூப்பிடவில்லையே. அவள் பந்தலைத் தாண்டி உள்ளே போகவும் இல்லையே. அவிழ்ந்த முடியோடு, ஊற்றிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.